கிரவுண்ட்ஹாக்குக்கும் மானுக்கும் ஒரே ரைஃபிள்: காலிபர் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் மேசைமேல் இரண்டு தோட்டாக்கள் நிற்கின்றன. இரண்டுமே .243 வின்செஸ்டர். பித்தளைக் கூடு ஒரே அளவு, அடியில் பொறித்திருக்கும் எழுத்தும் ஒன்றுதான். ஒன்றின் நுனியில் சிவப்பு பிளாஸ்டிக் கூர். அதன் குண்டு 58 கிரெயின் எடை (ஒரு கிராம் என்பது சுமார் பதினைந்து கிரெயின்). இன்னொன்றின் நுனியில் ஈயம் மழுங்கலாக எட்டிப் பார்க்கிறது; அது 100 கிரெயின். பெட்டியில் போட்டிருக்கும் கணக்குப்படி முதலாவது விநாடிக்கு 3,925 அடி வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது, இரண்டாவது 2,960 அடியில். ஆற்றலைக் கணக்கிட்டால் முதலாவதுக்குச் சுமார் 1,985 அடி-பவுண்டு, இரண்டாவதுக்குச் சுமார் 1,945. ஏறக்குறைய சமம்.

ஆனால் சிவப்பு நுனியை மானின் தோள்பட்டையில் அடித்தால் அது எலும்பின் மேலேயே சிதறிப்போகும். மான் ஆழமில்லாத, கோரமான காயத்தோடு காட்டுக்குள் ஓடி, இரண்டு நாள் கழித்து எங்கேயோ சாகும். ஈய நுனிக் குண்டு அதே தோளைத் துளைத்து நுரையீரலைக் கடந்து மறுபக்கம் வெளியேறும்.

"எந்தக் காலிபர் வாங்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த இரண்டையும்தான். காலிபர் என்பது குண்டின் விட்டம். வேலையைச் செய்வது குண்டு. அதனால் குண்டிலிருந்து பின்னோக்கி யோசித்துக் காலிபருக்கு வர வேண்டும். இந்தக் கட்டுரையும் அப்படித்தான் போகும்.

ஒரு சொல் விளக்கம். அமெரிக்க வேட்டைக்காரர்கள் 'வார்மின்ட்' என்பது பயிரையும் மேய்ச்சல் நிலத்தையும் கோழிப் பண்ணையையும் கெடுக்கும் சிறு விலங்குகளை: சோயா வயலில் வளை தோண்டும் கிரவுண்ட்ஹாக், புல்வெளியையே குடைந்துவிடும், அணில் இனத்துப் பிரெய்ரி டாக், கன்றுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் குறிவைக்கும், நரி மாதிரியான கொயோட்டி. மான் என்றால் கிழக்கே வெள்ளைவால் மான், மேற்கே மியூல் மான். இந்த இரண்டு வேட்டைக்கும் ஒரே துப்பாக்கி போதுமா என்பதுதான் கேள்வி.

பெயர்களிலும் ஒரு சிக்கல் உண்டு. .243 என்றால் குண்டின் விட்டம் உண்மையிலேயே 0.243 அங்குலம். .270 வின்செஸ்டரின் குண்டோ 0.277 அங்குலம். .223 ரெமிங்டனுக்கும் .22-250 ரெமிங்டனுக்கும் குண்டு ஒன்றே, 0.224 அங்குலம். .30-06-இல் இருக்கும் 06 என்பது 1906-ஆம் ஆண்டு. ஆக, பெயரில் உள்ள எண்ணை வைத்து எதையும் ஒப்பிடாதீர்கள். குழலின்மேல் பொறித்திருக்கும் முழுப் பெயரும் தோட்டாப் பெட்டியின் முழுப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

முதல் படி: என்ன சுடப்போகிறீர்கள், எத்தனை முறை?

ஒரு தாளில் எழுதுங்கள். கனவை எழுதாதீர்கள், போன வருடம் உண்மையில் என்ன செய்தீர்களோ அதை எழுதுங்கள். வருடத்துக்கு ஒரு மான், அதுவும் மரங்களுக்கு நடுவே 80 யார்டில். கோடையில் நாலைந்து கிரவுண்ட்ஹாக், 150 யார்டில். பெரும்பாலானவர்களின் தாள் இப்படித்தான் இருக்கும். வேறு சிலர் பிரெய்ரி டாக் நிலத்தில் ஒரே நாளில் இருநூறு தோட்டா செலவழிப்பார்கள். இந்த இரண்டு பேருக்கும் ஒரே பதில் கிடையாது.

இலக்கின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி ஏறத்தாழ 8 அங்குலத் தட்டு அளவு. நிமிர்ந்து நிற்கும் பிரெய்ரி டாக்கின் அகலம் 3 அங்குலத்தை ஒட்டி. மானுக்கு 100 யார்டில் 2 அங்குல வட்டத்துக்குள் சுடும் துப்பாக்கி தாராளம். பிரெய்ரி டாக்கை 300 யார்டில் சுட வேண்டுமென்றால் அதே துப்பாக்கி 6 அங்குலத்துக்குப் பரவும், பாதிக் குண்டு மண்ணைத்தான் அடிக்கும். அங்கே ஒரு அங்குலத்துக்குள் சுடுவது தேவை, காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இரண்டாவது படி: சட்டம்

கடைக்குப் போவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள், ஏனென்றால் பல பேருக்கு இங்கேயே பாதிப் பட்டியல் அடிபட்டுவிடும். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் விதி வேறு.

வர்ஜீனியாவில் மானுக்கு .23 அல்லது அதற்கு மேற்பட்ட காலிபர் வேண்டும். அதாவது .223-ம் .22-250-ம் வெளியே, .243 உள்ளே. கொலராடோ இன்னும் நுணுக்கமாகப் போகிறது: குறைந்தது .24 காலிபர், மானுக்குக் குண்டு குறைந்தது 70 கிரெயின், 100 யார்டில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல். மேசைமேல் இருக்கும் அந்தச் சிவப்பு நுனி 58 கிரெயின் குண்டு அங்கே மானுக்குச் சட்டப்படியே ஆகாது. பக்கத்தில் நிற்கும் 100 கிரெயினுக்குத் தடையில்லை. காலிபர் ஒன்றே என்றாலும் சட்டமே குண்டைப் பார்க்கிறது பாருங்கள்.

டெக்சாஸில் ரிம்ஃபயர் (அடிவிளிம்பில் அடித்து வெடிக்கவைக்கும் தோட்டா) கூடாது, அடியின் நடுவில் அடித்து வெடிக்கவைக்கும் மையவெடித் தோட்டா எதுவானாலும் மானுக்குச் சரி என்பதால் .223-க்கும் இடமுண்டு. ஒஹாயோ முற்றிலும் வேறு கதை. அங்கே மானுக்கு நேர்ச்சுவர்க் கூடு கொண்ட தோட்டாதான், .357 முதல் .50 வரை. கழுத்து ஒடுங்கிய கூடுள்ள .243-ஐக் கொண்டு அங்கே மான் வேட்டைக்குப் போக முடியாது. அங்கிருப்பவர் மானுக்கு .350 லெஜண்ட் அல்லது .450 புஷ்மாஸ்டர் மாதிரி ஒன்றும், வார்மின்ட்டுக்கு .223-ம் என்று இரண்டு துப்பாக்கி வைத்துக்கொள்வதே வழி. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. செத்துக் கிடக்கும் விலங்கைத் தின்னும் காண்டர் கழுகுகள் ஈயத்தால் செத்ததுதான் இதற்குப் பின்னணி. அங்கே செப்புக் குண்டுதான். அதனால் வரும் சிக்கலைக் குழலின் முறுக்கு பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

விதிகள் வருடா வருடம் மாறும். உங்கள் மாநில வனவிலங்குத் துறை இந்த ஆண்டுக்கு வெளியிட்ட கையேட்டை எடுத்து, மான், சிறு விலங்கு இரண்டு பக்கத்தையும் படியுங்கள். மான் பருவம் நடக்கும்போது வார்மின்ட்டுக்கு எந்தத் துப்பாக்கி தூக்கலாம் என்பதற்குச் சில இடங்களில் தனி விதியே உண்டு.

மூன்றாவது படி: குண்டைப் புரிந்துகொள்வது

இதில் அவசரப்படாதீர்கள்.

வார்மின்ட் குண்டின் வெளி உறை மெல்லியது. உள்ளே மென்மையான ஈயம், நுனியில் பிளாஸ்டிக் கூர். பட்டவுடன் அந்தக் கூர் ஆப்பு மாதிரி உள்ளே இறங்கி, குண்டைத் துகள் துகளாக உடைத்துவிடும். ஹார்னடி கம்பெனியின் வி-மேக்ஸ் இந்த வகைதான். இந்த உடைசலில் இரண்டு நன்மை. சின்ன விலங்கு அந்த இடத்திலேயே விழும், துடிக்காது. தவறிப்போய் மண்ணில் பட்டாலும் குண்டு அங்கேயே சிதறும். எகிறிப் பக்கத்துப் பண்ணைக்குப் போகும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். மெதுவாகப் போகும் .22 ரிம்ஃபயர் குண்டு கல்லில் பட்டு 'ஸ்ஸ்ஸ்' என்று பாடிக்கொண்டே பறப்பதை ஒருமுறை கேட்டவருக்கு இதன் அருமை தெரியும்.

மான் குண்டுக்கு வேலை இதற்கு நேர் எதிர். அது உடையக் கூடாது, விரிய வேண்டும். காளான் குடை மாதிரி முன்பக்கம் விரிந்து, எடையைப் பெரும்பாலும் விடாமல் வைத்துக்கொண்டு, தோல், விலா, நுரையீரல், மறுபக்க விலா என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். மறுபக்கம் ஓட்டை விழுந்தால் ரத்தத் தடம் நன்றாகத் தெரியும். அந்தி நேரத்தில் புதருக்குள் ஓடிய மானைத் தேடுபவருக்கு அதுதான் துணை.

இந்த யோசனைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1940-களில் ஜான் நாஸ்லர் என்பவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போனார். அவருடைய வேகமான குண்டுகள் அந்தப் பெரிய விலங்கின் மேற்பரப்பிலேயே உடைந்துபோயின, உள்ளே இறங்கவில்லை. வீடு திரும்பியவர் குண்டின் நடுவே செப்பு உலோகத்தால் ஒரு குறுக்குச் சுவர் வைத்தார். முன் அறை விரிந்து உடையும், பின் அறை அப்படியே உள்ளே போய்க்கொண்டிருக்கும். 1948-இல் விற்பனைக்கு வந்த அந்தப் 'பார்ட்டிஷன்' குண்டு இன்றும் கடையில் இருக்கிறது. என் கணிப்பில், சிறிய காலிபரை மானுக்குப் பயன்படுத்தும் துணிச்சலை வேட்டைக்காரர்களுக்குக் கொடுத்ததே இந்த மாதிரிக் குண்டுகள்தான்.

மூன்றாவது வகை முழுச் செப்புக் குண்டு. பார்ன்ஸ் கம்பெனியின் குண்டுகள் இதற்குப் பேர் போனவை. ஈயமே இல்லாததால் உடையாது, நான்கு இதழாக விரியும், ஆழமாகப் போகும். ஒரு எச்சரிக்கை: வேகம் குறைந்தால் விரிவதும் குறையும். அதனால் செப்பில் எடை குறைந்த குண்டையே எடுத்து, வேகத்தைத் தக்க வைத்துக்கொள்வது நல்லது. .243-இல் ஈயத்துக்கு 100 கிரெயின் என்றால் செப்புக்கு 80 கிரெயின் போதும்.

இப்போது தலைகீழாக யோசிப்போம். மான் குண்டால் கிரவுண்ட்ஹாக்கைச் சுட்டால்? சாகும். ஆனால் அந்தச் சின்ன உடம்பில் குண்டு விரிய நேரம் கிடைக்காது, ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு அதே வேகத்தில் பின்னால் போகும். பின்னால் மேடு இருந்தால் பரவாயில்லை. சமதளச் சோயா வயலாக இருந்தால், சுடாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

நான்காவது படி: காலிபர்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

.223 ரெமிங்டன். 1964-இல் பொதுச் சந்தைக்கு வந்தது. 55 கிரெயின் குண்டு விநாடிக்கு 3,240 அடி. உதையே இல்லை என்று சொல்லலாம். சுட்ட பிறகும் ஸ்கோப்பில் (துப்பாக்கிமேல் பொருத்தும் குறித் தொலைநோக்கியில்) விலங்கு தெரியும், குண்டு எங்கே பட்டது என்று நீங்களே பார்க்கலாம். தோட்டா எங்கேயும் கிடைக்கும். 250 யார்டு வரைக்கும் வார்மின்ட்டுக்கு இதைவிடச் சிக்கனமான பதில் இல்லை. மானுக்கு? சட்டம் அனுமதிக்கும் இடத்தில், 60 கிரெயின் பார்ட்டிஷன் மாதிரி உறுதியான குண்டோடு, 150 யார்டுக்குள், பக்கவாட்டில் அசையாமல் நிற்கும் மானுக்கு, கை பழகியவர் பயன்படுத்தலாம். இத்தனை நிபந்தனையையும் கேட்ட பிறகு, முதல் மானுக்கு இதை எடுங்கள் என்று யாருக்கும் நான் சொல்வதில்லை.

ஒரு பாதுகாப்புக் குறிப்பு: 5.56 என்று பொறித்த அறையில் (குழலின் பின்னால் தோட்டா உட்காரும் இடம்) .223 சுடலாம்; .223 என்று மட்டும் பொறித்த அறையில் 5.56 ராணுவத் தோட்டா போடக் கூடாது, அழுத்தம் எல்லை மீறும். .300 பிளாக்அவுட் தோட்டாவை .223 குழலுக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அது உள்ளே நுழைந்துவிட வாய்ப்புண்டு. நுழைந்த பிறகு விசையை அழுத்தினால் துப்பாக்கி வெடிக்கும்.

.22-250 ரெமிங்டன். 1915-இல் வந்த .250 சாவேஜ் கூட்டின் கழுத்தைச் சுருக்கி வீட்டுப் பட்டறைகளில் செய்துகொண்டிருந்த தோட்டா இது. 1965-இல் ரெமிங்டன் அதைத் தத்தெடுத்து முறையான பெயர் கொடுத்தது. 55 கிரெயின், 3,680 அடி. 300 யார்டில் கொயோட்டி என்றால் இது தனி இன்பம். ஆனால் மானுக்கு .223-க்குச் சொன்ன அதே தயக்கம் இதற்கும் பொருந்தும்: குண்டு அதே 0.224 அங்குலம்தான், வேகம்தான் கூட. வேகம் கூடும்போது மெல்லிய குண்டு இன்னும் சீக்கிரம் உடையும்.

.243 வின்செஸ்டர். 1955. மூன்று வருடம் முன்னால் வந்த .308 வின்செஸ்டர் கூட்டின் கழுத்தை 6 மில்லிமீட்டருக்குச் சுருக்கினார்கள், அவ்வளவுதான். நம் கேள்விக்காகவே பிறந்த தோட்டா என்று சொல்லலாம். 55-லிருந்து 75 கிரெயின் வரை வார்மின்ட்டுக்கு, 85-லிருந்து 100 வரை மானுக்கு. 100 கிரெயின் குண்டைக் கொண்டு 200 யார்டுக்குக் குறி சரிசெய்தால், 100 யார்டில் சுமார் ஒன்றரை அங்குலம் மேலே படும், 300 யார்டில் சுமார் 7 அங்குலம் கீழே. மானுக்கு 250 யார்டு வரை எந்தக் கணக்கும் போடாமல் நடுவில் வைத்துச் சுடலாம். குறையே இல்லையா என்றால், உண்டு. மான் கோணலாக நிற்கும்போது, தோள் எலும்பு வழியே போக வேண்டியிருக்கும்போது, .308 கொடுக்கும் தாராளம் இதில் இல்லை. கோணம் சரியாகும்வரை பொறுத்திருக்கத் தெரிந்தவருக்கு இது துப்பாக்கி. தெரியாதவருக்குப் பெரிய காலிபரும் உதவாது.

.25-06 ரெமிங்டன். 1969-இல் ரெமிங்டன் இதை முறைப்படுத்தியது. .30-06 கூட்டில் 0.257 அங்குலக் குண்டு. மேற்கே திறந்த புல்வெளியில், ஒரே நாளில் கொயோட்டியும் மியூல் மானும் எதிர்ப்படும் இடத்தில், எனக்கு .243-ஐவிட இதுவே பிடிக்கும். 75 கிரெயினில் வார்மின்ட், 117 அல்லது 120-இல் மான். நீளமான கூடு என்பதால் துப்பாக்கியும் சற்று நீளம், உதையும் ஒரு படி கூட. எல்லாக் கடையிலும் தோட்டா இருக்காது.

6.5 க்ரீட்மூர். 2007-இல் ஹார்னடி கொண்டுவந்தது. மானுக்கு மிக நல்ல தோட்டா. 140 கிரெயின் வட்டாரத்தில் 2,700 அடி, காற்றில் குறைவாகவே விலகும். வார்மின்ட்டுக்கு 95 கிரெயின் குண்டு கிடைக்கிறது. மான் முக்கியம், கொயோட்டி எப்போதாவது என்பவர்கள் .243-ஐத் தாண்டி இதற்கு வந்தால் நான் தடுக்க மாட்டேன்.

.270, .308, .30-06. மூன்றும் மானுக்குப் போதும், போதுமானதைவிடவும் அதிகம். இவற்றை வைத்து வார்மின்ட்டும் சுட முடியும். ஆனால் இருபதாவது தோட்டாவில் தோள் பேச ஆரம்பித்துவிடும்.

.17 எச்.எம்.ஆர்., .204 ரூகர் போன்றவை வார்மின்ட்டுக்கு மட்டும். மான் வேட்டையில் அவற்றுக்கு இடமில்லை.

ஐந்தாவது படி: குழலின் முறுக்கைப் பாருங்கள்

குழலின் உள்ளே திருகாணி மரை மாதிரி வரிகள் ஓடும். குண்டு அதில் சுழன்று வெளியே வரும்போதுதான் நேராகப் பறக்கும். எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதே முறுக்கு. குண்டு நீளமாக ஆக, வேகமான முறுக்கு தேவை.

இதைக் கவனிக்காமல் ஒரு பெரிய கம்பெனியே கையைச் சுட்டுக்கொண்டது. 1955-இல் வின்செஸ்டர் .243-ஐ வெளியிட்ட அதே வருடம், ரெமிங்டன் .244 ரெமிங்டனை வெளியிட்டது. இரண்டுக்கும் குண்டு ஒரே விட்டம். ரெமிங்டனின் கூட்டில் வெடிமருந்துக்கு இடமும் கொஞ்சம் அதிகம். ஆனால் ரெமிங்டன் இதை முதன்மையாக வார்மின்ட் தோட்டா என்று நினைத்து 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மெதுவான முறுக்கு வைத்தது. தோட்டாவும் 75, 90 கிரெயினில்தான் வந்தது. வின்செஸ்டர் 10 அங்குலத்துக்கு ஒன்று என்று வைத்து, 80-உடன் 100 கிரெயினும் கொடுத்தது. மானும் சுட வேண்டும் என்ற ஜனங்கள் 100 கிரெயினைப் பார்த்து .243 பக்கம் போனார்கள். பிறகு ரெமிங்டன் முறுக்கை 9 ஆக்கி, 1963-இல் பெயரையும் 6 மில்லிமீட்டர் ரெமிங்டன் என்று மாற்றிப் பார்த்தது. அதற்குள் வண்டி போய்விட்டது.

பழைய துப்பாக்கி வாங்குபவர்களுக்கு இந்தக் கதை நேரடியாகவே உதவும். முதல் காலத்து .244-இல் நீளமான 100 கிரெயின் குண்டு பொதுவாக நிலைப்படாது. தாளில் பக்கவாட்டாகப் பட்டுச் சாவித்துவாரம் மாதிரி நீண்ட ஓட்டை போடும். .22-250 துப்பாக்கிகளில் பலவும் 14 அங்குல முறுக்கு. 55 கிரெயினைத் தாண்டினால் சிரமம். .223-இல் 12, 9, 8, 7 என்று எல்லாமே புழங்குகின்றன. செப்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் அதே எடைக்கு செப்புக் குண்டு நீளமாக இருக்கும். ஈயத் தடை உள்ள இடத்தில் முறுக்கைப் பார்க்காமல் செப்பு வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

குழலில் எண் பொறிக்கவில்லையா? நீங்களே அளக்கலாம். துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைக் கழற்றி வையுங்கள். கைப்பிடி தானாகச் சுழலும் துப்புரவுக் கம்பியின் நுனியில் இறுக்கமாகத் துணித் துண்டைச் சுற்றிக் குழலுக்குள் விடுங்கள். துணி வரிகளைக் கவ்வியதும் கம்பி மெல்லச் சுழலத் தொடங்கும். கம்பியின் மேல்பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். குழல் வாய்க்கு நேராக முதல் கோடு போடுங்கள். புள்ளி ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி மேலே வரும்வரை தள்ளுங்கள். இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை டேப்பால் அளந்தால் முறுக்கு வந்துவிடும். துணி வழுக்கினால் எண் தப்பாக வரும், அதனால் மூன்று முறை செய்யுங்கள். எனக்கு முதல் முறை 11 வந்தது, இறுக்கமான துணி போட்ட பிறகு இரண்டு முறையும் 10.

ஆறாவது படி: தோளும் குழலும் எவ்வளவு தாங்கும்?

ஏழரை, எட்டு பவுண்டு எடையுள்ள துப்பாக்கியில் .223-இன் பின்னுதைப்பு மூன்று நான்கு அடி-பவுண்டு. .243 ஒன்பதை ஒட்டி. .308 பதினாறுக்கு மேல், .30-06 இருபதை ஒட்டி. எண்ணைவிட ஒரு சோதனை நல்லது: நண்பரிடம் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் சில தடவை தோட்டா இல்லாமலே துப்பாக்கியை உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். காலித் துப்பாக்கியின் விசையை அழுத்தும்போது குழல் நுனி கீழே குனிந்தால், உதையை எதிர்பார்த்து உடம்பு பயப்படுகிறது என்று பொருள். அந்தக் காலிபர் உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். பயந்துகொண்டு சுட்ட .30-06 வயிற்றில் படும், பயமில்லாமல் சுட்ட .243 நுரையீரலில் படும்.

அடுத்து குழல். .223 ஒரு தோட்டாவுக்குச் சுமார் 25 கிரெயின் வெடிமருந்து எரிக்கிறது. .243 சுமார் 40-க்கும் மேல், அதுவும் ஏறக்குறைய அதே அளவு சின்னத் துளை வழியாக. அந்தத் தீ குழலின் தொண்டையை, வரிகள் தொடங்கும் இடத்தை, மெல்ல அரித்துவிடும். வருடத்துக்கு ஐம்பது தோட்டா சுடுபவருக்கு இது கவலையே இல்லை. பிரெய்ரி டாக் நிலத்தில் உட்கார்ந்து நூறு தோட்டாவை ஒரு மணி நேரத்தில் சுடுபவருக்கு .243-உம் .22-250-உம் சில கோடைகளில் களைத்துவிடும். குழலைக் கையால் பிடித்து ஐந்து எண்ணும்வரை வைத்திருக்க முடியவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

இங்கேதான் முதல் படியில் எழுதிய தாள் வேலை செய்கிறது. வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் வார்மின்ட் என்றால் ஒரே துப்பாக்கி ஆசையை விட்டுவிட்டு, கனத்த குழல் வைத்த .223 ஒன்றும் மானுக்கு .308 ஒன்றும் வாங்குங்கள். மற்றவர்களுக்கு ஒரு .243 போதும்.

ஏழாவது படி: ஒரே துப்பாக்கி, இரண்டு தோட்டா, ஒரே ஸ்கோப்

வாங்கியாயிற்று. இப்போது பலரும் தவறும் இடம். 58 கிரெயினும் 100 கிரெயினும் ஒரே குழலில் ஒரே புள்ளியில் படும் என்று நினைப்பது. படாது. வேகம் வேறு, குழல் அதிரும் விதம் வேறு. மேலே கீழே மட்டுமா, பக்கவாட்டிலும் விலகும்.

முதலில் மான் தோட்டாவால் குறியைச் சரிசெய்யுங்கள். 100 யார்டில் ஒன்றரை அங்குலம் மேலே படும்படி. குழலை ஆறவிட்டு, ஸ்கோப்பைத் தொடாமல், அதே குறியில் வார்மின்ட் தோட்டாவை ஐந்து முறை சுடுங்கள். அந்த ஐந்தின் நடுப்புள்ளி எங்கே என்று அளவுகோலால் பாருங்கள். சாதாரண வேட்டை ஸ்கோப்பில் ஒரு கிளிக் என்பது 100 யார்டில் கால் அங்குலம். வார்மின்ட் தோட்டாக்கள் நீங்கள் விரும்பும் இடத்தைவிட 2 அங்குலம் மேலே, 1 அங்குலம் இடப்பக்கம் பட்டால், 8 கிளிக் கீழே, 4 கிளிக் வலது. திருகிவிட்டு மறுபடி ஐந்து சுட்டு உறுதிசெய்யுங்கள். பிறகு அதே எண்ணிக்கையைத் திருப்பித் திருகி, மான் தோட்டாவை இன்னொரு முறை சுட்டுப் பாருங்கள். பழைய இடத்துக்கே வந்ததா? வந்தால் உங்கள் ஸ்கோப் நல்ல ஸ்கோப். வராவிட்டால், ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் புதிதாகக் குறி சரிசெய்வதுதான் வழி.

இந்த எண்களை ஒரு சின்னத் தாளில் எழுதி, துப்பாக்கியின் கட்டையில் நாடாவால் ஒட்டிவிடுங்கள். எந்தத் தோட்டாவுக்கு ஸ்கோப் இப்போது நிற்கிறது என்பதையும் எழுத வேண்டும். செப்டம்பரில் நினைவிருப்பது நவம்பரில் மறந்துபோகும்.

தோட்டா வாங்கும்போது ஒரே தயாரிப்பு எண்ணுள்ள பெட்டிகளாகப் பார்த்து வாங்குங்கள். அதற்கு முன்னால் இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, உங்கள் குழலுக்கு எது பிடிக்கிறது என்று சுட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு துப்பாக்கி விரும்பும் தோட்டாவை இன்னொன்று துப்பிவிடும். இதற்கு யாரிடமும் விளக்கம் கிடைக்காது.

ஸ்கோப்பைப் பொறுத்தவரை, மானுக்கு மட்டும் என்றால் 3 முதல் 9 மடங்கு போதும். இரண்டுக்கும் சேர்த்து என்றால் 4 முதல் 12 வரை உள்ளது வசதி. காட்டுக்குள் மான் 30 யார்டில் வந்து நிற்கும்போது குறைந்த மடங்கில் வைத்திருக்க மறக்காதீர்கள், ஸ்கோப் முழுக்க ரோமம்தான் தெரியும்.

கடைசியாக, தோட்டாக்களைப் பிரித்து வைப்பது. ஒரு நவம்பர் காலை, மரத்தடியில் உட்கார்ந்து கோட்டுப் பையில் கைவிட்டேன். மான் தோட்டாக்களோடு மூன்று சிவப்பு நுனிகள் கையில் வந்தன. ஆகஸ்டில் கிரவுண்ட்ஹாக்குக்குப் போட்டுக்கொண்டு போன அதே கோட்டு. அறையில் எது இருக்கிறது என்று போல்ட்டைத் திறந்து பார்த்தேன்: ஈய நுனிதான். இருந்தாலும் மனசு அன்று முழுக்க அமைதியாகவில்லை, மான் வந்தபோதும் இரண்டு முறை சந்தேகப்பட்டேன். இப்போது மான் தோட்டாக்கள் இடுப்பு பெல்ட்டில் உள்ள தோல் உறையில் மட்டும். சிவப்பு நுனிகள் மான் பருவம் முடியும்வரை வீட்டு அலமாரியை விட்டு வெளியே வருவதில்லை. கிளம்புமுன் எல்லாப் பைகளையும் மேசைமேல் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் வெளியே போகிறேன். பக்கத்தில் நிற்கும் என் மகன் எண்ணிப் பார்க்கிறான்.